சிட்னி–ஹோபார்ட் பாய்மரப் படகுப் போட்டி: மாறும் காற்றை எதிர்கொள்வது எப்படி?

டிசம்பர் 26, மதியம் 1 மணிக்குச் சிட்னி துறைமுகத்தில் பீரங்கி வெடிக்கும். வெயில் கொளுத்தும். வடகிழக்குக் காற்று முதுகில் தள்ளும். கரையில் ஆயிரக்கணக்கானோர் கையசைப்பார்கள். அரைக்கால் சட்டையும் கண்ணாடியுமாக நிற்கும் அதே ஆட்கள், அன்று நள்ளிரவில் கம்பளி உடையும் மழைக்கோட்டும் போட்டுக்கொண்டு, எதிரே வரும் 40 நாட் (மணிக்கு 40 கடல்மைல்) தென்காற்றில், படகின் முன்முனையான அணியத்தில் பாய் மாற்றிக்கொண்டிருக்கலாம். 1945 முதல் நடந்துவரும் இந்தப் போட்டியில் இது அபூர்வம் இல்லை. 628 கடல்மைல் தூரத்துக்குள் இரண்டு மூன்று வகை வானிலையைப் பார்க்காமல் டாஸ்மேனியத் தீவின் ஹோபார்ட் போய்ச் சேர்ந்த படகுகள் குறைவு.

முதல் முறையாகக் குழுவில் இடம் கிடைத்துப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாய் கட்டத் தெரியும், வார இறுதிப் போட்டிகளில் ஓடியிருக்கிறீர்கள், ஆனால் கரை தெரியாத கடலில் இரவைக் கழித்ததில்லை என்றால் இது உங்களுக்குத்தான். நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றே: காற்று மாறிய பிறகு செய்யும் வேலை மூன்று மடங்கு கடினம், சில நேரம் முடியவே முடியாது. மாறப்போகிறது என்பது பெரும்பாலும் முன்பே தெரியும், எந்த நிமிடம் என்பதுதான் தெரியாது. ஆகவே எல்லா வேலையையும் முன்கூட்டியே, இன்னும் சுலபமாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இதிலிருந்து வருவதுதான்.

அந்தக் கடலின் குணம்

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையை ஒட்டி வடக்கு தெற்காக ஒரு நீண்ட மலைத்தொடர் இருக்கிறது. தெற்கிலிருந்து குளிர்காற்றின் முன்விளிம்பு, அதாவது முகப்பு, வரும்போது அந்த மலை தடுப்பதால், குளிர்காற்று கரையோரமாக ஒடுங்கி, வேகம் பிடித்து வடக்கே ஏறுகிறது. இதை அங்கே சதர்லி பஸ்டர் என்பார்கள். வெப்பமான வடக்குக் காற்று சில நிமிடங்களில் தென்காற்றாகிவிடும். வெப்பநிலை 10 டிகிரிக்கு மேல் சட்டென்று இறங்கும். வேகம் 15 நாட்டிலிருந்து 35, 40 என்று தாவும். மாதக்கணக்கில் ஒரே திசையில் வீசும் பருவக்காற்றுக்குப் பழகிய நமக்கு இந்த வேகம் முதலில் நம்பக்கூட முடியாததாக இருக்கும்.

இரண்டாவது, கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டம். வெதுவெதுப்பான இந்த ஓட்டம் கரையோரமாகத் தெற்கே போகிறது, சில இடங்களில் 3 நாட்டுக்கும் மேல். போட்டிப் படகுகள் இதைத் தேடிப்போய்ச் சவாரி செய்வது வழக்கம், ஏனென்றால் இலவச வேகம். ஆனால் தென்காற்று எழுந்ததும் நீர் ஒரு பக்கமும் காற்று எதிர்ப்பக்கமும் போகும். அலைகள் நெருங்கி, செங்குத்தாகி, உச்சியில் உடையத் தொடங்கும். அதே 35 நாட் காற்றுதான், ஓட்டத்துக்குள் இருக்கும் படகு படும்பாடு வேறு, பத்து மைல் தள்ளி இருக்கும் படகின் பாடு வேறு. உங்கள் நேவிகேட்டர் மாற்றம் வருமுன் ஓட்டத்தை விட்டு விலகச் சொன்னால் காரணம் இதுதான்.

மூன்றாவது, பாஸ் நீரிணை. ஆஸ்திரேலியப் பெருநிலத்துக்கும் டாஸ்மேனியாவுக்கும் நடுவே இருக்கும் இந்தக் கடல் ஆழம் குறைந்தது. பெரும்பகுதி 50 முதல் 70 மீட்டர்தான். மேற்கே தென்சமுத்திரத்தில் பிறந்த நீண்ட அலைகள் இங்கே நுழைந்ததும் குட்டையாகி உயர்கின்றன. கூடவே வேறு திசையிலிருந்து காற்று புதிய அலைகளை எழுப்பினால், ஒழுங்கே இல்லாத கடல்தான் மிஞ்சும்.

1998-ல் இந்த நீரிணையில் நடந்ததைப் புதியவர் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டும். தொடங்கிய 115 படகுகளில் 44 மட்டுமே ஹோபார்ட் சேர்ந்தன. ஐந்து படகுகள் மூழ்கின. 55 பேர் மீட்கப்பட்டார்கள், பெரும்பாலும் ஹெலிகாப்டர் மூலம். ஆறு பேர் இறந்துபோனார்கள். இன்று நீங்கள் எரிச்சலோடு நிரப்பும் படிவங்களிலும் கட்டாயப் பயிற்சிகளிலும் பலவும் அந்த ஆறு பேரின் இறப்புக்குப் பிறகு வந்தவை. அதை மனதில் வைத்து நிரப்புங்கள்.

கிளம்புமுன்: கையில் பழக வேண்டியவை

புயல்பாய்களைப் பையிலிருந்து எடுத்துக் கட்டிப் பாருங்கள். புயல் ஜிப் (சின்ன முன்பாய்), டிரைசெயில் (பெரிய பாய்க்குப் பதிலாகக் கட்டும் சின்னப் பாய்) இரண்டையும் முழுமையாக ஏற்றி, கயிறுகள் எந்தக் கப்பி வழியாக வருகின்றன, கயிற்றைச் சுற்றி இழுக்கும் எந்த விஞ்சில் முடிகின்றன என்பதைப் பார்க்க வேண்டும். துறைமுகத்தில் கட்டிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், 25 நாட் அடிக்கும் ஒரு நாளில் வெளிக்கடலுக்குப் போய் ஒருமுறை, இருட்டில் ஒருமுறை செய்யுங்கள். பெரிய பாயின் மூன்றாவது ரீஃபும் (பாயைச் சுருக்கிக் கட்டுவதுதான் ரீஃப்) அப்படித்தான். பல படகுகளில் மூன்றாவது ரீஃபுக்கான கயிறு கோக்கப்படாமலே கிடக்கும், தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று. தேவைப்படும்போது, பெரிய பாயின் அடியைப் பிடித்திருக்கும் பூம் என்ற கட்டையின் கடைசி முனைக்கு யாரும் போக முடியாது.

உங்கள் லைஃப் ஜாக்கெட்டை வீட்டில் போட்டுப் பாருங்கள். கால்களுக்கு இடையே போகும் பட்டை இருக்கிறதா, உங்கள் உடம்புக்கு இறுக்கப்பட்டிருக்கிறதா? அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஜாக்கெட் மேலே போகும், நீங்கள் கீழே போவீர்கள். உடம்போடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புக் கயிற்றில் நீளக் கொக்கியோடு குட்டைக் கொக்கியும் இருப்பது நல்லது. இரண்டு மீட்டர் கயிறு உங்களைப் படகோடு சேர்த்து வைக்கும், ஆனால் படகுக்கு வெளியே தண்ணீரில் இழுத்துக்கொண்டு போகவும் அது போதும். ஒரு மீட்டர் கயிறு உங்களைத் தளத்தின் மேலேயே வைக்கும். தனிநபர் அபாய விளக்கு, இருப்பிடம் காட்டும் பீக்கன் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு இயக்கத் தெரிய வேண்டும்.

பருத்தித் துணி வேண்டாம். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டையும் உறிஞ்சிவிடும். உள்ளே மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழை, நடுவில் ஃபிளீஸ், மேலே கழுத்தும் மணிக்கட்டும் இறுக்கமாக மூடும் கடலுடுப்பு. கோடைக்காலம்தானே என்று நினைக்காதீர்கள். தெற்கே போகப் போக நீர் குளிர்ந்துகொண்டே வரும், நனைந்தபடி இரவு முழுக்க உட்கார்ந்திருக்கப் போகிறவர் நீங்கள்.

கடல் வாந்திக்கான மருந்தை வாந்தி வந்த பிறகு எடுத்தால் பலன் இல்லை. மருத்துவரிடம் கேட்டு, எது உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது என்பதைப் பயிற்சி நாட்களிலேயே சோதித்து, போட்டிக்கு முந்தைய இரவே தொடங்குங்கள். சில மருந்துகள் தூக்கம் தரும், சில கண்ணை மங்கச் செய்யும். அது உங்களுக்கு வழியில் வரும் ஜார்விஸ் பே அருகே நடுராத்திரியில் தெரியவரக் கூடாது. மூத்தவர்கள் சிலர் இஞ்சியை மெல்வார்கள், அதுவும் நல்லதே. வாந்தி வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை. மறைப்பதுதான் ஆபத்து, ஏனென்றால் நீரிழப்பும் குளிரும் சேர்ந்தால் அரை நாளில் ஒரு திடகாத்திரமான ஆள் படுக்கையில் விழுவார், குழுவில் ஒரு ஜோடிக் கை குறையும்.

முன்னறிவிப்பைப் படிக்கும் முறை

ஆஸ்திரேலிய வானிலை ஆய்வு மையம் போட்டிக்கு முன் குழுக்களுக்கு விளக்கக் கூட்டம் நடத்துகிறது. நேவிகேட்டர் மட்டும் போனால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். புதியவர் நீங்களும் கேளுங்கள், காகிதத்தில் நான்கு வரி எழுதிக்கொள்ளுங்கள்: முகப்பு எப்போது, எந்த இடத்தில், எவ்வளவு வேகம், பிறகு காற்று எந்தத் திசைக்குத் திரும்பும்.

அறிவிப்பில் வரும் வேகம் சராசரி. ஆய்வு மையமே தன் அறிவிப்புகளில் சொல்கிறது: திடீர் வீச்சுகள் சராசரியைவிட 40 சதவீதம் வரை அதிகமாக இருக்கலாம், அதிகபட்ச அலை சொல்லப்பட்ட உயரத்தைப் போல் இரு மடங்கு வரை இருக்கலாம். அதாவது 50 நாட் என்று சொன்னால் 70 நாட் வீச்சு வரலாம், அலை 5 மீட்டர் என்றால் ஏதோ ஒன்று 10 மீட்டராக வரலாம். சொல்லப்படும் உயரம் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி மட்டுமே. 1998-ல் இந்த வேறுபாடு பல குழுக்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை என்பது பின்னர் நடந்த மரண விசாரணையில் பேசப்பட்ட முக்கியமான விஷயம்.

எச்சரிக்கைகளின் படிநிலையையும் மனப்பாடம் செய்யுங்கள். 26 முதல் 33 நாட் வரை பலத்த காற்று எச்சரிக்கை. 34 முதல் 47 வரை கேல். 48 முதல் 63 வரை ஸ்டார்ம். அதற்கு மேல் சூறாவளி வேகம். கேல் எச்சரிக்கை ஸ்டார்ம் ஆக உயர்ந்துவிட்டது என்று வானொலியில் கேட்டால், படகில் எல்லாரையும் எழுப்பிச் சொல்ல வேண்டிய செய்தி அது. 1998-ல் போட்டி தொடங்கிய அன்று மதியமே அப்படி உயர்த்தப்பட்டது.

இந்த எண்களை உடம்புக்குப் புரியும்படி மாற்றிக்கொள்ள ஒரு கணக்கு. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. 20 நாட்டிலிருந்து 40 நாட் ஆனால் பாயின் மேல் சுமை நான்கு மடங்கு. 25 நாட்டிலிருந்து 35-க்குப் போனாலே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. "பத்து நாட்தானே கூடியிருக்கிறது" என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கணினி மாதிரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ், ஐரோப்பிய மையத்தின் மாதிரி போன்றவை பெரிய படத்தை நன்றாகவே காட்டும். ஆனால் சதர்லி பஸ்டர் தரைக்கு மேல் அதிக உயரம் இல்லாத, கரையை ஒட்டிய நிகழ்வு. அது வரும் நேரத்தை மாதிரிகள் சில மணி நேரம் தவறவிடுவது சகஜம். இரண்டு மாதிரிகள் ஒத்துப்போகாவிட்டால் எது சரி என்று வாதாடிக்கொண்டிருக்காமல், முந்தி வரும் என்று சொல்வதை வைத்துத் தயாராகுங்கள். பணம் கொடுத்துத் தனியாக ஆலோசனை பெறுவது போட்டி தொடங்கிய பிறகு விதிகளில் கிடையாது. எல்லாருக்கும் பொதுவாகக் கிடைக்கும் தகவலைப் பயன்படுத்தலாம்.

வருவதைக் கண்டுபிடிப்பது

எனக்குப் போட்டியிலேயே மிகவும் பிடித்த வேலை இது. காற்று முகப்பு தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக ஏறி வருகிறது. வழியில் வானிலை நிலையங்கள் வரிசையாக இருக்கின்றன: கேபோ தீவு, கிரீன் கேப், மான்டேகு தீவு, உல்லடல்லா, ஜார்விஸ் பேயின் வாயிலில் இருக்கும் பாயின்ட் பெர்பெண்டிகுலர். ஒவ்வொன்றிலும் வடகாற்று தென்காற்றாகத் தாவிய நேரத்தைக் குறித்துக்கொண்டு வந்தால், அது உங்களை எப்போது தொடும் என்று நீங்களே கணக்கிடலாம்.

ஒரு உதாரணம். மாலை 5 மணிக்குக் கேபோ தீவில் காற்று தெற்குக்கு மாறியது. 9 மணிக்கு மான்டேகு தீவில் மாறியது. இரண்டுக்கும் நடுவே சுமார் 80 கடல்மைல். ஆக முகப்பு 20 நாட் வேகத்தில் வருகிறது. 9 மணிக்கு உங்கள் படகு பாயின்ட் பெர்பெண்டிகுலர் அருகே, மான்டேகுவுக்கு 70 மைல் வடக்கே இருக்கிறது. இங்கேதான் புதியவர்கள் தவறுகிறார்கள். 70 மைலை 20-ஆல் வகுத்தால் மூன்றரை மணி நேரம் என்று வரும், ஆனால் நீங்களும் 10 நாட் வேகத்தில் அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறீர்கள். சேரும் வேகம் 30 நாட். இரண்டு மணி இருபது நிமிடம். இரவு 11:20-க்குச் சந்திப்பு. போகப்போக முகப்பு வேகம் பிடிக்கலாம் என்பதால் பத்தேகாலுக்கெல்லாம் படகு தயாராக இருக்க வேண்டும்.

தகவல் தொடர்பு அறுந்துபோனாலும் கைவிடாத கருவி காற்றழுத்தமானி. மணிக்கு ஒருமுறை எழுதுங்கள், யாராவது ஒருவர் பொறுப்பேற்று. பிரிட்டிஷ் வானிலை அலுவலகத்தின் அளவுகோலில் மூன்று மணி நேரத்தில் 3.6 முதல் 6 ஹெக்டோபாஸ்கல் வரை இறங்கினால் விரைவான இறக்கம், 6-க்கு மேல் இறங்கினால் மிக விரைவான இறக்கம். தனியாக ஒரு எண்ணைப் பார்த்துப் பயன் இல்லை, அது எப்படி மாறுகிறது என்பதே செய்தி. இறங்கிக்கொண்டிருந்த அழுத்தம் சட்டென்று நின்று, ஏறத் தொடங்கினால் முகப்பு உங்கள் தலைக்கு மேல் வந்துவிட்டது.

கண்ணால் பார்ப்பதும் முக்கியம். வடகிழக்காக இருந்த காற்று வடமேற்குக்கு நகரும், சூடாகும், கரையின் புழுதி வாசனை வரும். பிறகு திடீரென்று ஓய்ந்துபோகும். பாய்கள் தொங்கும், எல்லாரும் பெருமூச்சு விடுவார்கள். அந்த ஓய்வுதான் கடைசி மணி. தெற்கே அடிவானத்தில் நீளமாக உருண்டு வரும் மேகத் திரளோ, கருத்த கோடாகத் தண்ணீர் மாறுவதோ தெரிந்தால் உங்களுக்கு நிமிடங்களே மிச்சம். சில பஸ்டர்கள் மேகமே இல்லாமல் தெளிந்த வானத்தோடும் வரும். இரவில் எதுவும் தெரியாது. முன்னால் போகும் படகுகளின் விளக்குகள் திடீரென்று கோணம் மாறுவதைப் பாருங்கள், அவர்களைக் காற்று முதலில் தொட்டிருக்கும்.

சென்னைத் துறைமுகத்திலோ வேறு வடகோளத்துக் கடலிலோ படகோட்டக் கற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இங்கே எல்லாம் தலைகீழ். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வழுத்த மையம் வடகோளத்தில் உங்கள் இடது கைப்பக்கம் இருக்கும், தென்கோளத்தில் வலது கைப்பக்கம். தாழ்வைச் சுற்றிக் காற்று இங்கே கடிகாரச் சுற்றில் ஓடும். பழைய பழக்கத்தில் யோசித்தால் எதிர்த்திசையில் முடிவெடுப்பீர்கள்.

கடைசி ஒரு மணி நேரம்

முதலில் வயிறு. சூடாக எதையாவது எல்லாருக்கும் கொடுங்கள், தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். அடுத்த ஆறு மணி நேரத்துக்கு அடுப்பு பற்றவைக்க முடியாமல் போகலாம். வெந்நீரை ஃபிளாஸ்க்கில் நிரப்புங்கள். கடித்துச் சாப்பிடக் கூடியதைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து உடை. புழுக்கமாக இருக்கும்போதே முழு உடுப்பையும் போட்டுக்கொள்வது எரிச்சல்தான். போட்டுக்கொள்ளுங்கள். படகு சாய்ந்து ஆடும்போது கீழே போய்க் காலணி தேடுகிறவர் வாந்தியெடுத்துத்தான் மேலே வருவார். ஓய்வு முறையில் தூங்குகிறவர்களையும் உடையோடு தூங்கச் சொல்லுங்கள்.

அப்புறம் படகின் உள்ளே. தளர்வாக இருக்கும் எல்லாவற்றையும் கட்டுங்கள், கத்தி, பாத்திரம், பேட்டரிப் பெட்டி, தரைப்பலகை உட்பட. தளத்தின் திறப்புகளான ஹேட்ச்சுகளை மூடித் தாழிடுங்கள். அடிநீர் பம்புகளை ஒருமுறை இயக்கிப் பாருங்கள்.

பிறகு பாய்கள். பின்காற்றில் பறக்கவிடும் பெரிய முன்பாயான ஸ்பின்னேக்கர் முதலில் இறங்க வேண்டும். இங்கே பெரிய மனப்போராட்டம் வரும், ஏனென்றால் முகப்புக்கு முன்னால் வடகாற்றில் ஸ்பின்னேக்கரோடு பறந்துகொண்டிருப்பீர்கள், பக்கத்துப் படகு இன்னும் இறக்கியிருக்காது. இறக்கும் முடிவு படகின் தலைவரான ஸ்கிப்பருடையது. ஆனால் அவர் சொன்ன நொடியில் உங்கள் பங்கு தயாராக இருக்க வேண்டும். நீண்ட பந்தயத்தில் பத்து நிமிடம் முந்தி இறக்கியதால் போவது ஒன்றரை மைல். கிழிந்த ஸ்பின்னேக்கரைத் தண்ணீரிலிருந்து இழுத்து, பாய்மரத்தில் சுற்றிக்கொண்ட மிச்சத்தை அறுத்தெடுக்க ஒரு மணி நேரம் போகும், யாருடைய விரலாவதும் போகலாம். முன்பாயைச் சிறியதாக்குங்கள், பெரிய பாயில் ரீஃப் போடுங்கள். எத்தனை ரீஃப் என்று தயங்கினால் ஒன்று கூடுதலாகப் போடுவதே என் கட்சி. அவிழ்ப்பது எப்போதும் சுலபம்.

இந்த நேரத்தில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. பலத்த வடகாற்று பின்னாலிருந்து தள்ள ஓடும்போது சுக்கான் சற்றுப் பிசகினால் பூம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வெடித்துப் பாயும். 2024 போட்டியின் முதல் இரவில் இரண்டு வெவ்வேறு படகுகளில் இப்படிப் பூமோ, பூமை இழுத்துப் பிடிக்கும் மெயின்ஷீட் கயிறோ தாக்கி இருவர் இறந்தார்கள். பூமின் வீச்சுக்குள்ளும் மெயின்ஷீட்டின் பாதையிலும் தேவையில்லாமல் நிற்காதீர்கள், உட்காராதீர்கள். பூமை முன்னோக்கி இழுத்துக் கட்டும் தடுப்புக் கயிறு போடப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். புதியவர் கேட்கிறாரே என்று யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள், நினைத்தால் அந்தப் படகில் மறுபடி ஏற வேண்டாம்.

அடிக்கும்போது

ஹேட்ச்சிலிருந்து முழுதாக வெளியே வருமுன் கொக்கியை மாட்டுங்கள். உள்ளே இறங்கி நின்ற பிறகுதான் கழற்றுங்கள். இதில் விதிவிலக்கே வேண்டாம்.

முதல் சில நிமிடங்கள் சத்தம்தான் பெரிது. பாய் படபடப்பதும் கம்பிகள் ஊளையிடுவதும் சேர்ந்து ஒருவர் கத்துவது இன்னொருவருக்குக் கேட்காது. ஆகவே கை சைகைகளை முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். உங்களுக்குக் கொடுத்த ஒரு கயிற்றை மட்டும் பாருங்கள். சுக்கான் பிடிப்பவர் காற்றுக்கு முகம் திருப்பிப் படகை நிமிர்த்துவார், மெயின்ஷீட் பிடிப்பவர் அவரோடு ஒத்து விடுவார். பாயில் சுமை ஏறியிருக்கும்போது விஞ்சிலிருந்து கயிற்றைக் கழற்றும் வேலை கைக்கு ஆபத்தானது. சுற்று சுற்றாக, விரல் உள்ளே போகாமல் விடுங்கள்.

காற்று ஒரே திசையில் நிலைத்த பிறகு கடல்தான் பிரச்சினை. எதிரலையில் ஏறும்போது சற்றே காற்றை நோக்கித் திருப்பி, உச்சியில் சற்றே விலக்கி, மறுபக்கம் வழுக்கி இறங்க வேண்டும். நேராக மேலே ஏறிப் பாய்ந்தால் படகு காற்றில் தொங்கி, அடுத்த பள்ளத்தில் அறைந்து விழும். படகின் உடல் பிளப்பதும் பாய்மரம் ஒடிவதும் அப்படித்தான். நல்ல ஸ்கிப்பர்கள் சுக்கானில் ஒரு மணி நேரத்துக்கு மேல் யாரையும் விடுவதில்லை, கடும் அலையில் அரை மணி நேரம்தான்.

உடையும் அலையைப் படகின் விலாவில் வாங்கக் கூடாது. படகின் நீளத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு உயரமுள்ள உடையும் அலை குறுக்காக அடித்தாலே கவிழ்ந்துவிடலாம் என்று 1979-ல் பிரிட்டனை ஒட்டிய கடலில் நடந்த ஃபாஸ்ட்நெட் போட்டிப் பேரிடருக்குப் பிறகு நடந்த ஆய்வுகள் காட்டின. 12 மீட்டர் படகுக்கு அது 4 மீட்டர் அலை. பாஸ் நீரிணையில் அது ஒன்றும் அரிதல்ல.

உயிர்காக்கும் மிதவைப் படகைப் பற்றியும் ஃபாஸ்ட்நெட் ஒரு பாடம் தந்தது. அந்தப் போட்டியில் 15 போட்டியாளர்கள் இறந்தார்கள். குழுவினர் கைவிட்ட படகுகளில் பல, புயலுக்குப் பிறகு மிதந்துகொண்டிருந்தன. படகு உண்மையிலேயே மூழ்கும்வரை, அல்லது தீப்பிடிக்கும்வரை அதைவிட்டு இறங்காதீர்கள்.

கிரீன் கேப்பில் ஒரு கேள்வி

நியூ சவுத் வேல்ஸின் தென்கோடியில் இருக்கும் கிரீன் கேப்பைத் தாண்டிப் பாஸ் நீரிணையில் நுழையுமுன், படகும் குழுவும் தொடரத் தகுதியாக இருப்பதாக வானொலியில் உறுதி சொல்ல வேண்டும். இது 1998-க்குப் பிறகு வந்த ஏற்பாடு. இதை வெறும் சடங்காகச் சொல்லிவிட்டுப் போகாமல், நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. இதற்குச் சற்று வடக்கே டூஃபோல்ட் பே, ஈடன் துறைமுகம். அதற்கப்புறம் டாஸ்மேனியா வரும்வரை ஒதுங்க இடம் கிடையாது.

உங்களால் முடியவில்லை என்றால் அந்த உறுதிமொழிக்கு முன்பே ஸ்கிப்பரிடம் சொல்லுங்கள். தலையில் அடிபட்டதா, ஒரு நாளாக வயிற்றில் எதுவும் நிற்கவில்லையா, நடுக்கம் நிற்கவில்லையா, மறைக்காமல் சொல்லுங்கள். ஸ்கிப்பர் தன் கணக்கில் உங்களை முழு ஆளாக வைத்திருக்கிறார். போட்டியில் இறங்குவதும் தொடர்வதும் அந்தந்தப் படகின் சொந்த முடிவு என்று பாய்மரப் போட்டி விதிகளே சொல்கின்றன. அமைப்பாளர்கள் நிறுத்துவார்கள் என்று யாரும் காத்திருக்கக் கூடாது.

திரும்புவது எப்போதும் பத்திரம் என்றும் நினைத்துவிடாதீர்கள். 1998-ல் ஸ்வார்ட் ஆஃப் ஓரியன் என்ற படகு, தன் இடத்தில் வீசும் பயங்கரக் காற்றை வானொலியில் எல்லாருக்கும் அறிவித்தது. பிறர் முடிவெடுக்க அது பேருதவியாக இருந்தது. அதே படகு பின்னர் வடக்கே திரும்பும் வழியில் ஒரு அலையில் உருண்டு, ஒலிம்பிக் வீரரான கிளின் சார்ல்ஸைக் கடலில் இழந்தது. அதே ஆண்டு 35 அடி நீளமே உள்ள ஏஎஃப்ஆர் மிட்நைட் ராம்ப்ளர், அலைகளை முகத்தில் வாங்கிக்கொண்டு தொடர்ந்து போய், ஒட்டுமொத்த வெற்றியையும் பெற்றது. இதை வைத்து எப்போதும் தொடர வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அலை எந்தப் பக்கம் இருக்கிறது, துறைமுகம் எந்தப் பக்கம் இருக்கிறது, போகிற வழியில் விலாவைக் காட்ட வேண்டியிருக்குமா என்பதைப் பார்த்துத்தான் முடிவு. கடல் இன்னும் எழாதபோது திரும்புவதும், எழுந்த பிறகு திரும்புவதும் வேறு வேறு காரியம்.

காற்று விட்ட பிறகு

முகப்பு கடந்து சில மணி நேரத்தில் காற்று தளரும், தென்கிழக்குக்கு நகரும். அலை மட்டும் அப்படியே இருக்கும். அப்போது படகு வேகமில்லாமல் உருளும், பூம் அங்குமிங்கும் அறையும். களைத்துப்போன குழு பாயைப் பெரிதாக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருக்கும். பலருடைய போட்டி இங்கேதான் கைநழுவுகிறது. உள்ளே தூங்கி எழுந்த ஆட்களை மேலே அழைத்து ரீஃபை அவிழ்க்கச் சொல்லுங்கள். அலையை வெட்டிப் போகப் பாய்க்குச் சக்தி தேவை. காற்றுமானி காட்டும் எண்ணைவிடச் சற்றுப் பெரிய பாய்தான் அந்தக் கலங்கிய கடலில் படகை ஓட்டும்.

இந்த இடைவெளியில் சேதங்களைப் பாருங்கள்: கயிறு தேய்ந்த இடங்கள், பாயின் தையல், பாய்மரத்தின் அடி, கப்பிகளின் ஊசிகள். நனைந்த உள்ளுடையை மாற்றுங்கள். ஈரத்தோடு தூங்கப் போகாதீர்கள்.

டாஸ்மேனியாவின் கடைசி 40 மைல்

டாஸ்மன் தீவின் செங்குத்துப் பாறைகள் கண்ணில் பட்டதும் முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை. பாறைகளுக்கு அருகே காற்று சுழன்று, ஒரு நிமிடம் இல்லாமலும் மறு நிமிடம் மேலிருந்து குத்தியும் வரும். சற்றுத் தள்ளியே போங்கள். ஸ்டார்ம் பேயில் மேற்கு, தென்மேற்குக் காற்று மலைகளிலிருந்து இறங்கி எழும்பினால் அன்றைய மிகக் கடுமையான இரண்டு மணி நேரம் அதுவாகவே இருக்கலாம். ஆகவே கொக்கி, ரீஃப், உடை எல்லாம் முன்போலவே.

அதன்பின் அயர்ன் பாட் கலங்கரை விளக்கத்தைக் கடந்து டெர்வென்ட் ஆற்றில் நுழைகிறீர்கள். 2017-ல் கோமன்ச் என்ற பெரிய படகு 1 நாள் 9 மணி 15 நிமிடத்தில் ஹோபார்ட் சேர்ந்து இன்றைய சாதனையை வைத்தது. சிறிய படகுகளுக்கு நான்கு நாளும் ஆகும். இரவில் டெர்வென்ட்டில் காற்று அடியோடு நின்றுபோவது வழக்கம், ஊரின் விளக்குகளைப் பார்த்தபடி மணிக்கணக்கில் நின்ற படகுகள் ஏராளம். அங்கே லேசான பாயைப் பையோடு கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். குழுவில் பாதிப்பேரைக் காற்று படாத பக்கமாக உட்காரவைத்துப் படகைச் சற்றுச் சாய்த்து வையுங்கள். கரையோர நீரில் சுருக்கம் விழுகிறதா என்று டார்ச் இல்லாமல், இருட்டுக்குப் பழகிய கண்ணால் பார்க்க ஒருவரை அணியத்தில் நிறுத்துங்கள். ஆழம் போதுமா என்று நேவிகேட்டர் பார்த்துக்கொள்ளட்டும். நீரோட்டம் பின்னால் தள்ளத் தொடங்கினால், ஆழம் குறைந்த இடத்தில் சிறிய நங்கூரத்தைச் சத்தமில்லாமல் இறக்கி அடுத்த காற்று வரும்வரை பிடித்து நிற்கலாம். விதிகள் அதை அனுமதிக்கின்றன.